இரும்பைக் காக்க நிலமீந்த வள்ளல்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தெருக்களில் மாலை வேளையிற் செல்வோர், பட்டறை வாயில்களில் அடுக்கடுக்காகச் சாத்தி வைத்திருக்கும் இரும்புத் தகடுகளைக் காணாதிரார். அவற்றுட் சில வெள்ளிபோல் ஒளிரும். சில சாம்பல் பூத்தாற்போல் மங்கித் தோன்றும். சில மஞ்சளும் பச்சையும் விரவிய மெருகுடன் கண்ணைப் பறிக்கும். ஓரிரண்டு மழையில் நனைந்து செந்துரு ஏறிப் பயனற்றுக் கிடக்கும். அவ்வழியே நாடோறும் கல்லூரிக்கு வரும் யான், ஒரே இரும்பு இத்துணை மேனி கொண்டது எங்ஙனம் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தேனல்லேன். தமிழ் பயில்வோனுக்குத் தகடுகளோடு யாது உறவு என்பதே என் நினைவாயிருந்தது.

கம்பன் விழாவைக் காணும் ஆவலாற் காரைக்குடிக்குச் சென்றபோது அந்நினைவு மாறிற்று. அங்குப் பரந்து கிடக்கும் ஒரு பெரு வளாகத்தைக் காட்டி, தகடுகளின் நிறவேற்றுமை முழுதும் ஆராயப்படும் இடம் அதுவே என்றும், அதற்கு மண்ணும் பொன்னும் ஈந்தவர் ஆங்கில இலக்கியம் கற்ற ஒருவர் என்றும் உடன்வந்த பெரியவர் எடுத்துரைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். ஊரார் சிக்ரி என்பர். ஈந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவரைக் கல்லூரி நிறுவியவர் என்ற அளவில் யாவரும் அறிவர். இரும்பின் கேட்டைத் தடுக்கும் கலைக்கு அவர் செய்த உபகாரமோ நம்மவருட் பலருக்குத் தெரியாது. ஆதலின் அவர் சரிதையை அவ்வழி நின்று ஈண்டுச் சுருக்கி உரைப்பல்.

இராம. அழகப்பச் செட்டியார் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், நகரத்தார் குலத்துத் தோன்றினார். அக்குலத்து மைந்தர் கணக்கு வழக்குகளைக் கற்றவுடன் கடல் கடந்து பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளிலுள்ள வட்டிக் கடைகளுக்குச் செல்வதே அந்நாளைய வழக்கம். பெருங்கல்வி கற்பது பொருளீட்டும் காலத்தை வீணாக்குவதென்று கருதிய முதியோரும் இருந்தனர். அழகப்பரோ சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். நகரத்தாருள் அப்பட்டம் பெற்றவர் அவரே முதல்வர் என்பர். அவ்வளவில் அமையாது இங்கிலாந்து சென்று, மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்திற் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனிலுள்ள சார்ட்டர்டு வங்கியில் தொழிற் பயிற்சியும் பெற்றார். போதாதென்று கிராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டவும் கற்றுத் தேர்ந்தார். இலக்கியம், சட்டம், வங்கி, வானூர்தி என்னும் நான்கையும் ஓரிளைஞர் சில ஆண்டுகளிற் கைக்கொண்டதை நோக்கின், ஒன்றில் நிலைத்து நில்லாதவர் என்று இகழத் தோன்றும். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். பிற்கால வாழ்க்கையை அறிந்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டேன்.

தாயகம் மீண்ட அவர் நீதிமன்றத்தை நாடவில்லை. வணிகத்தில் இறங்கினார். கொச்சி நாட்டில் திருச்சூர்ப் பக்கத்தில் நெசவாலை ஒன்றை நிறுவினார். அவ்வாலை எழுந்த இடம் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகின்றது. மலேயாவில் ரப்பர்த் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், கல்கத்தாவில் இன்ஷூரன்ஸ், பம்பாயில் ஹோட்டல், சென்னையில் திரைப்பட அரங்கு எனப் பல துறையிலும் அவர் கை ஓங்கிற்று. ஜூபிட்டர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியும் அவருடையதே. உணவை அடைக்கும் டப்பாக்களின் இரும்புத் தகட்டுக்கு மேற்பூச்சாவது வெள்ளீயம் என்பதைப் பின்னர்க் கூறுமிடத்தில், அவர் அவ்வுலோகத்தின் சுரங்கத்துக்கும் உரியவராயிருந்தார் என்பதை நினைவிற் கொள்க.

ஈட்டிய பொருளை ஈயத் தொடங்கியபோது அவர் முதலில் நினைந்தவற்றுள் ஒன்று தமிழ். 1943இல் திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலையில் தமிழாராய்ச்சிக்கென ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். மலையாள நாட்டிலே தமிழுக்கு ஓர் இருக்கை தோன்றியது அவர் கொடையால் என்பதைத் தமிழ் ஆனர்ஸ் மாணவர் மறத்தலாகாது. கிண்டியில் சென்னைச் சர்வகலாசாலையின் தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் எழுந்ததும் அவர் ஈந்த ஐந்து இலட்சத்தால். அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1947இல் நடந்த செய்தி பலமுறை சொல்லப்பட்டதாயினும், மீண்டும் சொல்லத் தக்கது. அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் ஒரு கூட்டம் கூடிற்று. அப்போது துணைவேந்தராயிருந்த டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார், சிற்றூர்ப் புறங்களிற் கல்லூரிகள் எழும்பத் தனவந்தர் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். இத்தகைய வேண்டுகோள்கள் கைதட்டலோடு முடிவது வழக்கம். அன்று கேட்டிருந்தவருள் ஒருவராகிய அழகப்பர் உடனே எழுந்து, காரைக்குடியில் தாம் ஒரு கல்லூரி அமைப்பதாக அறிவித்து, அதற்கு ஓர் இலட்சம் ரூபாயும் அளித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, நாடு விடுதலை பெறும் நாளுக்கு முன்னரே, காரைக்குடி காந்தி மாளிகையில் அக்கல்லூரி வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. கட்டடம் எழும்பும்வரை காத்திருப்பது அவர் இயல்பன்று.

அக்காலத்தில் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர், நாடெங்கும் தேசிய ஆராய்ச்சிச் சாலைகளை அமைக்கும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தார். பௌதிகத்துக்கு டில்லி, இரசாயனத்துக்குப் பூனா, உலோகவியலுக்கு ஜாம்ஷெட்பூர், உணவுக்கு மைசூர் எனப் பேரூர்களே தேர்ந்தெடுக்கப் பெற்றன. மின்வேதியியலுக்கு இடம் வேண்டியிருந்தபோது, அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருவதாக முன்வந்தார். இங்ஙனமே சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ போயிருக்கத்தக்க நிலையம், மழை குறைந்த செம்புலமாகிய காரைக்குடியை அடைந்தது. 1948 ஜூலை 25ஆம் நாள் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு அங்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கற் காலத்தில், குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். தமிழுக்கு ஈந்ததினும் பதினைந்து மடங்கு பொருளை மின்வேதியியலுக்கு ஈந்தாரே என்று ஒரு கணம் எனக்குப் பொறாமை எழுந்ததை மறைப்பதற்கில்லை. அதன் பயன் இன்னதென்று அறிய முற்பட்டது அப்பொறாமையின் விளைவேயாம்.

மின்சாரத்துக்கும் துருவுக்கும் என்ன தொடர்பு? இவ்வினாவே எனக்கு முதலில் முட்டுக்கட்டையாயிற்று. நம் கல்லூரி இரசாயன நண்பர் ஒருவர் விளக்கியதைக் கூறுகின்றேன். இரும்பின்மீது ஈரம் படிந்து, காற்றிலுள்ள பிராணவாயுவும் அதிற் கலந்தால், அத்தகட்டின் மேற்பரப்பே எண்ணிறந்த சிறு மின்கலங்களாக மாறிவிடும். ஓரிடத்து இரும்பு தன் எலெக்ட்ரான்களை இழந்து நீரிற் கரையும். அவை உலோகத்தினூடே ஓடி, வேறோரிடத்தில் நீரையும் பிராணவாயுவையும் சேர்ந்து காரப்பொருளாக்கும். கரைந்த இரும்பு அக்காரத்தோடும் காற்றோடும் கூடிச் செந்நிறத் துருவாகப் படியும். டார்ச் விளக்கின் கலத்திலும் நிகழ்வது இத்தகையதே. அங்கு ஓடும் மின்சாரம் ஒளி தருகின்றது, இங்கு ஓடுவது கூரையைத் தின்கின்றது. மின்கலமும் துருவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நீரில் உப்புச் சேர்ந்தால் மின்சாரம் எளிதில் ஓடும். ஆதலாற்றான் கடற்காற்று வீசும் சென்னையில் இரும்பு விரைந்து கெடுகின்றது. காரைக்குடியின் செம்மண்ணும் செம்பூரான் கல்லும் செந்நிறமாயிருப்பதற்குக் காரணமும் இரும்பு பிராணவாயுவோடு கூடிய அத்தகைய பொருளே என்று அறிந்தபோது, துருவை ஆராய அதினும் ஏற்ற மண் இல்லையெனத் தோன்றிற்று.

தமிழில் இதனை அரிப்பு என்கிறோம். கறையான் மரத்தை அரிக்கும், ஆறு கரையை அரிக்கும், நோய் தோலை அரிக்கும், துரு இரும்பை அரிக்கும். ஒரே சொல் நான்கிடத்தும் வருவது ஆராய்தற்குரியது. மலைப்பிரசங்கத்திலே பூமியிற் சேர்க்கும் பொக்கிஷங்களுக்கு நேரும் கேட்டைக் கூறுமிடத்தில், துரு என்று நம் வேதாகமம் பெயர்த்துள்ள கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருளும் தின்னுதல் என்பதேயாம்.

இனித் தகடுகளின் நிறத்துக்கு வருவோம். வெள்ளிபோல் ஒளிர்வது துத்தநாகம் பூசியது. மக்கள் அதனைத் தகரம் என்றும், கூரையைத் தகரக் கொட்டகை என்றும் கூறுவர். உண்மையில் தகரம் என்பது வெள்ளீயம், அஃது இதனின் வேறு. இரும்பை அமிலத் தொட்டியில் இட்டுத் துருவையும் அழுக்கையும் போக்கி, நவச்சாரம் கலந்த கரைசலில் தோய்த்து, ஏறத்தாழ 450 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் முழுக்கி எடுப்பர். நவச்சாரத்தை நாம் அறியாதவரல்லேம். முன்னாளில் வீட்டு வாயிலில் உலை மூட்டிப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தேய்க்க, வெண்புகை குபுகுபுவென்றெழும். அதன்பின்னரே ஈயம் பற்றும். பாட்டிமார் அடுக்களைக்கு இன்றியமையாததாயிருந்த அதே உப்பு, பேராலையிலும் அதே பணியைச் செய்கின்றது. கூரைத் தகட்டில் வழக்கமாக இடும் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம். அதன் கனம் ஒரு புறத்துக்கு ஒரு மயிரிழையின் மூன்றிலொரு பங்களவே. அவ்வளவு மெல்லிய போர்வை பல மழைக்காலங்களைத் தாங்குகின்றது.

வியப்பு அதனோடு முடியவில்லை. அப்பூச்சில் ஆணி கீறி, உள்ளிருக்கும் இரும்பு வெளிப்பட்டாலும், அங்குத் துரு உடனே ஏறாது. துத்தநாகம் எலெக்ட்ரான்களைத் தருவதில் இரும்பினும் முந்துவது. ஆதலால் அருகிருக்கும் துத்தநாகம் முதலிற் கரைந்து, இரும்பைக் கரையவொட்டாது காக்கும். வெள்ளீயமோ இதற்கு மாறானது. பூச்சு முழுமையாயிருக்கும்வரை காவல் செய்யும். ஒரு கீறல் நேர்ந்தால், தான் தப்பி இரும்பையே முன் தள்ளிவிடும். நசுங்கிய பால்மாவு டப்பா மழையில் கிடந்தால் கீறிய இடத்தில் கருஞ்செம்மையாய்ப் பொத்தலாவது இதனால்தான்.

சாம்பல் நிறத் தகடு பாஸ்பேட் ஏற்றியது. 1906இல் பர்மிங்ஹாமில் காஸ்லெட் என்பார் காப்புரிமை பெற்ற இம்முறையில், பாஸ்பாரிக் அமிலக் கரைசல் இரும்பின் மேற்பரப்பை மிகச் சிறிதளவு கரைத்து, அங்கேயே நுண்ணிய படிகங்களாக வேரூன்றி நிற்கும். அது தனியே நெடுநாள் காவாது. தன்மேற் பூசும் வர்ணத்தை உதிராமற் பற்றிக்கொள்ளும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வண்டியுறுப்புக்குப் பவுடர் கோட்டிங் செய்யுமுன் இத்தொட்டியில் இறக்குவது இதன்பொருட்டே. மஞ்சளும் பச்சையும் விரவிய மெருகு, துத்தநாகத்தின்மேற் குரோமேட் ஏற்றியதால் வருவது. அழகும் காவலும் ஒருங்கே உடையதெனினும், அதற்குப் பயன்பட்ட ஆறிணைதிறக் குரோமியம் பொல்லாத நஞ்சு. தொட்டியருகில் உழைப்போரின் கைகளிலும் மூக்கினுள்ளும் ஆறாப் புண் விளைப்பது, புற்றுநோய்க்கும் காரணமாவது. இராணிப்பேட்டையிற் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதையைத் தொண்டைமண்டலத்தார் அறிவர். இரும்பைக் காக்கும் பூச்சு மனிதனைத் தின்னுதல் முறையோ? ஆகவே தீங்கு குறைந்த மூவிணைதிறக் குரோமியத்தையும், குரோமியமே கலவாத பூச்சுக்களையும் உலக ஆராய்ச்சியாளர் நாடினர். காரைக்குடி நிலையமும், மின்முலாம், மின்கலம், அரிப்புத் தடுப்பு ஆகிய துறைகளில் ஏழு பத்தாண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகின்றது. கட்டடங்களின் காங்கிரீட்டினுள் புதைக்கும் கம்பிகளுக்கு, சிமெண்டையும் அரிப்புத் தடுப்பானையும் குழைத்துப் பூசும் ஒரு முறை அங்கு உருவானதே.

அழகப்பர் இவற்றுள் ஒன்றையேனும் தம் கையாற் செய்து பார்த்தவரல்லர். துருவைப்பற்றி அவர் நூல் எழுதியதும் இல்லை. தமக்குத் தெரியாத கலைக்குத் தம் பொருளை ஈவது எளிதன்று. கற்ற இலக்கியத்துக்கு ஈவதில் சுவையேனும் உண்டு. புகழ் வேண்டியே கட்டடந்தோறும் தம் பெயரைப் பொறித்தார் என்று அவரைக் குறை கூறுவாரும் உளர். பெயர் பொறித்தது மெய்யே. ஆயினும் அவர் பெரிதும் ஈந்த கொடைகளுள் ஒன்றாகிய இந்நிலையத்தின் பெயரில் அவர் பெயர் இல்லை என்பதையும் அக்குறை கூறுவார் நோக்குதல் வேண்டும்.

அவர் வாழ்வில் ஒரு துயரம் இடையறாது தொடர்ந்தது. தோலைப் பற்றிய நெடுநோய் ஒன்று அவரை அல்லற்படுத்தி வந்தது. செல்வமும் கல்வியும் நிரம்பிய ஒருவர், தம் மேனி நாளுக்கு நாள் அழிவதைக் கண்ணாரக் கண்டும், பிறர் முன் வந்து நின்று நூற்றுக்கணக்கான மாணவர்க்குக் கட்டடம் எழுப்புவதைப்பற்றிப் பேசுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அந்நோயே அவரை ஈகையில் விரைவித்தது என்று சிலர் கூறுவர். உள்ளத்தை அளக்க நாம் யார்? காலம் குறுகியது என்று அறிந்தவர் போல அவர் விரைந்தார் என்பது மட்டும் ஆண்டுக் கணக்கை நோக்கினாற் புலனாகும். 1947இல் கலைக்கல்லூரி, அதன்பின் பத்தாண்டுக்குள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்பயிற்சிக் கல்லூரி, சிறுவர் பள்ளி எனக் காரைக்குடியின் தரிசு நிலம் கல்விச் சோலையாயிற்று. பெண்களுக்கெனக் கல்லூரி வேண்டும் என்றபோது, கட்டடம் இல்லை என்னும் தடையை ஏற்காது, தாம் வாழ்ந்த மாளிகையையே அதற்கு விட்டுக் கொடுத்தார். இதைக் கேட்டபோது என் உடன்வந்த நண்பன் நெடுநேரம் வாய் திறவாதிருந்தான்.

இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1957 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் ஆவி பிரிந்தது. மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். அவர் அமைத்த கல்வி நிலையங்களைச் சூழ 1985இல் எழுந்த பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது.

ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று கடலருகே மண்டபத்தில் உள்ளது. அங்கு இரும்பு, துத்தநாகம், அலுமினியம் முதலியவற்றின் சிறு தகடுகளை, சில பூச்சோடும் சில வெறுமையாகவும், மரச்சட்டங்களில் கடற்காற்றுக்கு எதிரே சாய்த்து மாட்டி வைப்பர். மாட்டுமுன் ஒவ்வொன்றையும் நுண்தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்வர். மாதங்களும் ஆண்டுகளும் சென்றபின் எடுத்து, துருவை இரசாயனக் கரைசலாற் கழுவிப் போக்கி, மீண்டும் நிறுப்பர். குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவைக் கடல் தின்றது என்று ஏட்டில் எழுதி, அடுத்த தகட்டை மாட்டுவர்.